சுண்டுவிரலுக்கு ஒரு கேமரா

"எதப் போட்டோ எடுக்கப் போறீங்க?" என்று கேட்காத கேமராக் கடைக்காரர் கிடையாது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. என் தொல்லைகள் அங்கேதான் ஆரம்பித்தன.

நான் எடுக்க வேண்டியிருந்தது என் வீட்டுக்காரரின் இடது கால் சுண்டுவிரலை. அதுவும் மேலிருந்து அல்ல. அடியில், பக்கத்து விரலோடு ஒட்டுகிற இடுக்கில். அங்கே ஒரு புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரை வந்து பல வருஷமாகிவிட்டதால் பாதத்தில் பாதி உணர்ச்சி போய்விட்டது. புண் வந்ததே அவருக்குத் தெரியாது. தரையில் ஈரத்தடம் ஒன்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். "சாயமா இருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் பட்டறையில் போட்டது பச்சை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் சாயப்பட்டறை. தறிக்காரர்கள் கொண்டுவரும் வெள்ளைப் பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தண்ணீரில் முக்கி, கம்பில் மாட்டிப் புரட்டிப் புரட்டி, அவர்கள் கேட்ட நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் இவர் தொழில். பட்டறைத் தரை எந்நேரமும் ஈரம். கால் மரத்துப்போனவர்களுக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு விற்கிறதே, அதை வாங்கி வந்து கொடுத்தேன். அது பட்டறை வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் வழக்கப்படி தினமும் காலையில் அடுப்புக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தீ மூட்டுவோம். கற்பூரம் காட்டின இடத்துக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது. "அது சாமி எடம்மா" என்பார். சாமிக்குத் தெரியாதா உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று, எனக் கேட்டால் போதும், கம்பைப் புரட்டுவதில் திடீரென்று அக்கறை கூடிவிடும்.

சென்னையில் கால் புண்ணுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, கட்டு மாற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது இவரைப் பார்த்தே சொன்னார். "வாரா வாரம் வந்து காட்டணும். புண்ணு ஆறிடும். ஆனா அதச் சுத்தி கறுப்பு வந்தா ஒரு நாள்கூட தள்ளிப்போடக்கூடாது. விரலோட போறது காலோட போயிடும்."

அங்கே பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். பஸ் பூந்தமல்லி தாண்டுவதற்குள், "முகூர்த்த சீசன்ல வாரா வாரம் வந்துக்கினு இருக்க முடியாதும்மா" என்றார். நான் கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசியில் நான் ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவே மனசு இறங்கி, வர முடியாத வாரத்தில் படமாவது எடுத்து அனுப்புங்கள் என்றார். அவர் அதைச் சலுகையாகச் சொன்னார். இவர் அதையே உரிமையாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் ஊரில் வேறு யாருக்கும் வராத ஒரு சிக்கல் எங்களுக்கு வந்தது. சாயக்காரர் கால் என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. கணுக்கால் வரைக்கும் அரக்கு, அதற்கு மேல் மயில்கழுத்து, நகக்கண்ணில் என்றைக்கோ போட்ட பச்சை. தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஒரு நாள் கட்டு மாற்றும்போது புண்ணை ஒட்டிக் கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"கத்திரிப்பூ" என்றார், குனிந்துகூடப் பார்க்காமல்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் கத்திரிப்பூ நிறம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. மற்ற விரல்களிலும் அந்த நிறம் இருக்கத்தான் செய்தது. புண்ணுக்குப் பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவும் பயம். உள்ளூர் ஆஸ்பத்திரியிலாவது காட்டலாம் வாருங்கள் என்றால் அதற்கும் மாட்டாராம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இவருக்கு நூல் கொடுக்கிறவர்கள். சாயக்காரருக்குக் கால் அழுகுதாம் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் சீசனோடு பிழைப்பும் போய்விடும் என்று பயந்தார். அவருக்கு வெட்கமும் பயமும் சேர்ந்திருந்தன, இரண்டுக்கும் சேர்த்துப் பிடிவாதம் என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

ஃபோனில் படம் எடுத்து அனுப்பினேன். டாக்டரம்மா குரல் பதிவில் பதில் அனுப்பினார். "இது கறுப்பா, சாயமான்னு எனக்குத் தெரியலீங்க. தோலே தெரியல. கிட்ட இருந்து தெளிவா எடுத்து அனுப்புங்க. இல்லன்னா நேர்ல கூட்டிட்டு வந்துடுங்க." இவர் காதில் விழுந்தது 'தெளிவா எடுத்து அனுப்புங்க' வரைக்கும்தான். "எடுத்து அனுப்பேன்மா, அதான் சொல்றாங்களே" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

அந்த ஃபோனைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் கொண்டுபோனால் மங்கிவிடும். தள்ளி வைத்துப் பெரிதாக்கினால் எல்லாம் மெழுகு பூசினதுபோல் வழவழவென்று ஆகும். எதைக் கண்டாலும் அழகுபடுத்துகிற புத்தி அதற்கு. என் வீட்டுக்காரரின் பாதத்தை, முப்பது வருஷமாகச் சாயத்தண்ணீரில் நின்று வெடித்த பாதத்தை, நலங்கு வைக்க நீட்டின கல்யாணப் பெண் பாதம்போல் காட்டியது. வெடிப்பைக் காணோம், சுருக்கத்தைக் காணோம், அந்தத் திட்டே ஏதோ நிழல்போல் தெரிந்தது. வெளிச்சம் போட்டு எடுத்தால் மொத்தமும் வெளுத்துவிடும். நெருக்கமாக எடுப்பதற்கென்று அதில் தனியாக ஒரு கண் வேறு இருந்தது, அது எடுத்த படத்தைவிட என் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலே தெளிவாகத் தெரியும். கையில் இருந்ததை அம்மிக்கல்லில் போட்டு உடைக்கலாமா என்று வந்தது எனக்கு.

அப்போதுதான் ஒரு கேமரா வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய கேமரா ஆகாது. ஒரு கையால் விரல்களை விலக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் எடுக்க வேண்டும், அதுவும் தரையோடு தரையாக. தவிர, எங்கள் தெருவில் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் வாசலுக்கு வாசல் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். இடுப்பில் செருகிக்கொள்கிற அளவில் ஒன்று வேண்டும். கிட்டத்தில் இருக்கிற சின்னப் பொருளைத் தெளிவாகக் காட்ட வேண்டும். நிறம் பொய் சொல்லக்கூடாது. இவ்வளவுதான் கேட்டேன். வானத்தையா கேட்டேன்?

முதலில் போனது கல்யாணப் படம் எடுக்கிற ஒரு ஸ்டுடியோவுக்கு. ஸ்டுடியோக்காரர் பெரியவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். கால் புண் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர் மச்சான் தறி வைத்திருக்கிறவர், எங்களிடம்தான் நூல் வரும். நான் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். அதனால், "குஞ்சத்தைக் கிட்டத்துல எடுக்கணுங்க, வெளியூருக்கு அனுப்பறதுக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

அந்தப் பொய் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. குஞ்சம் என்றதும் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. செங்கல் கனத்தில் ஒரு கேமராவை எடுத்து, அதன் முகத்தில் சொம்பளவு லென்ஸைத் திருகி மாட்டினார். என் பையில் இருந்த குஞ்சத்தை வாங்கி வைத்து எடுத்தும் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், முடிச்சு ஒவ்வொன்றும் உயிரோடு எழுந்து நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது, ஒரு நிமிஷம் வந்த வேலை மறந்துவிட்டது.

"இத ஒரு கையால புடிக்க முடியுங்களா?" என்றேன்.

"ஏன்மா ஒரு கையால புடிக்கணும்? ஸ்டாண்ட் போட்டுக்கலாம். சுத்தி லைட்டு வெச்ச பெட்டி இருக்குது, அதுக்குள்ள வெச்சுக்கலாம்."

என் வீட்டுக்காரரின் காலைப் பெட்டிக்குள் வைப்பதை நினைத்துப் பார்த்தேன். "பாக்கெட்ல வெக்கிற மாதிரி சின்னதா வேணுங்க" என்றேன்.

"பாக்கெட் கேமராவா? அதெல்லாம் செத்துப்போச்சும்மா. இப்ப யார் வாங்கறாங்க? நீ குஞ்சத்த கொண்டாந்து குடு, நானே எடுத்துத் தர்றேன்." நல்ல மனுஷர். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிதாக விளக்குப் போட்ட ஒரு கடை. முழுக்க ஃபோன்கள். மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் தூசி படிந்த இரண்டு சின்ன கேமராக்கள். விற்பனையாளர் ஒருவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது ஃபார்ட்டி டைம்ஸ் ஜூம். நிலாவையே புடிக்கும்க்கா."

"நிலா வேணாம்பா. கிட்டத்துல இருக்குறத எடுக்கணும்."

"அதான்க்கா, ஜூம் பண்ணா கிட்ட வந்துடும்ல."

"தூரத்துல இருக்குறத கிட்ட கொண்டாற வேணாம். கிட்டத்துல இருக்குறதே கிட்டத்துல தெரியணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வெயிலில் வந்ததால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிற கவலை இருந்தது. குஞ்சத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஜூமை நீட்டி அமுக்கினார். மங்கல். பின்னால் போனார். மங்கல். இன்னும் பின்னால் போய் ஸ்டூலில் இடித்துக்கொண்டார். கடைசியில் படம் தெளிவாக வந்தது, அதில் பாதி மேஜையும் என் மணிபர்சும் தெரிந்தன. "சூப்பரா வந்துருக்குதுக்கா" என்றார். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று குஞ்சத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு நானே ஃபோனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ரத்தக் கொதிப்புதான் ஏறியது. சின்ன கேமராக்களின் விளம்பரத்தில் எல்லாம் ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் எடுக்கும் என்று பெருமையடித்திருந்தார்கள். அது ஜூமைச் சுத்தமாக உள்ளே இழுத்து வைத்தால் மட்டும்தான் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அத்தனை கிட்டத்தில் கொண்டுபோனால் கேமராவின் நிழலே பொருளின்மேல் விழுந்து இருட்டிவிடும். அதோடு, ஒரு சென்டிமீட்டர் என்றால் லென்ஸ் போய்ப் புண்ணில் முட்டும். புண்ணில் தூசி படக்கூடாது என்று நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் கேமராவையே ஒட்டச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது எவ்வளவு கிட்டத்தில் போகிறது என்பதே இல்லை. ஒரு சாண் தள்ளி நின்று, ஜூமை நீட்டி, ஒரு விரலைப் படம் நிறையக் காட்ட வேண்டும். இதைச் செய்யுமா செய்யாதா என்று ஒரு பெட்டியின்மேலும் எழுதியிருக்கவில்லை. நிலாவைப் பிடிக்குமாம். கால் விரல் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

இதற்கிடையில் தினமும் கட்டு மாற்றினேன். தினமும் அந்தத் திட்டைப் பார்த்தேன். நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதுபோல் இருக்கும். மத்தியானம் வெளிச்சத்தில் பார்த்தால் அப்படியேதான் இருப்பதுபோல் தோன்றும். இவரிடம் கேட்டால், "சாயம் எங்களுக்குத் தெரியாதா?" என்பார். அதற்கு மேல் நான் என்ன பேச? நிறம் பார்ப்பதில் இந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்தக் கண்ணைக் குனிந்து ஒரு தடவை தன் காலைப் பார்க்கச் சொன்னால் மட்டும் முடியாது. தொந்தி இடிக்கிறதாம், இடுப்பு பிடிக்கிறதாம். எனக்கு ராத்திரியில் தூக்கம் போயிற்று, அவருடைய குறட்டை நிற்கவில்லை.

இனி பழைய கேமராதான் வழி என்று தெரிந்துபோய், குஞ்சம் கொடுக்கிற சாக்கில் சென்னைக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். பழைய கேமரா விற்கிற கடை ஒன்று. பீரோ அளவு கண்ணாடி அலமாரி, உள்ளே நிறைய சின்ன கேமராக்கள். கடைக்காரம்மா என் வயசு இருப்பார். "எதுக்கும்மா?" என்றார். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. யாருக்கும் நாங்கள் சாயம் போடுவதில்லை. "என் வீட்டுக்காரருக்குக் கால்ல புண்ணு. டாக்டருக்குக் காட்டணும்" என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். சொன்னதும் தோள் இரண்டும் லேசானதுபோல் இருந்தது.

"அப்ப உங்க கால வெச்சே பாத்துக்குங்க" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஸ்டூலில் வைத்து, ஒரு கையால் விரலை விலக்கி, இன்னொரு கையால் ஒவ்வொரு கேமராவாக எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோலத்தை எங்கள் தெருவில் யாராவது பார்த்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். கடைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கேமரா கிட்டத்தில் நன்றாக எடுத்தது, நிழல் விழுந்தது. ஒன்று நிறத்தையெல்லாம் மஞ்சளாக்கிற்று. ஒன்று என் விரலை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த ஸ்டூலின் ஆணியைத் தெளிவாகக் காட்டியது. கடைசியில் மூலை நசுங்கின ஒரு கறுப்புக் கேமரா, உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஜூமை நீட்டி ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் என் சுண்டுவிரல் படம் முழுக்க வந்தது. நகத்தில் பாதி உதிர்ந்த பாலிஷ், தோலில் ரேகை, இடுக்கில் ஒட்டியிருந்த மஞ்சள், எல்லாம் தெரிந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் காலை நானே அவ்வளவு பார்த்ததில்லை.

வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் பாட்டரி உயிர் விட்டிருந்தது. சார்ஜர் வேறு கேமராவுடையதைக் கொடுத்துவிட்டார்கள். அதை மாற்ற ஒரு நாள் போயிற்று. என்னிடம் இருந்த மெமரி கார்டை அது ஏற்கவில்லை, அதன் காலத்துக் கார்டைத் தேடி அலைந்தேன். எடுத்த படம் ஃபோனுக்கு வருவதற்கு நடுவில் ஒரு சின்னப் பொருள் வேண்டுமாம், அதற்கும் அலைந்தேன். ஒவ்வொரு கடையிலும், "எதுக்குக்கா இந்தப் பழசு, நல்ல ஃபோனா வாங்குங்களேன்" என்று புத்தி சொன்னார்கள். யாரையாவது அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

எல்லாம் தயாரான அன்று மத்தியானம் பட்டறைக்குப் போனேன். நல்ல வெயில், வாசல் வழியாக உள்ளே வரைக்கும் வெளிச்சம். இவர் அடுப்பின்முன் நின்று நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாயம் கொதிக்கிற நேரத்தில் பட்டு நூலை அப்படியே விடக்கூடாது, புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தாலும் நூலில் திட்டுத்திட்டாக நிறம் ஏறிவிடும். அது என் கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம். எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோதுகூட இவர் ஏற்றின நூலை இறக்கிவிட்டுத்தான் வந்தார்.

"கால தூக்குங்க."

"இப்பவா? வேல நடந்துக்கினு இருக்குது, தெரியல?"

"நீங்க கையால வேல செய்யுங்க. கால எங்கிட்ட குடுங்க."

முனகிக்கொண்டே இடது காலைச் சின்ன ஸ்டூலின்மேல் தூக்கி வைத்தார். ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்றுகொண்டு கம்பைப் புரட்டினார். கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டு, ஈரத்தரையில் புடவையோடு பக்கவாட்டில் படுத்துக்கொண்டேன். விரலை விலக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஆடிவிட்டது. மறுபடியும் எடுத்தேன். "சீக்கிரம்மா" என்றார். "பேசாம நில்லுங்க" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்று எடுத்தேன்.

எழுந்து வாசல் பக்கம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. பக்கத்து விரலில் சாயம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. தோலின் ரேகைகளுக்குள் இறங்கி, மெல்லிய கத்திரிப்பூக் கோடுகளாக ஓடியது. சுண்டுவிரலில் அந்தக் கோடுகள் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டன. அதற்கப்புறம் ரேகையே இல்லை. கோடும் இல்லை. ஒரே சீராக, உள்ளேயிருந்து வந்த கறுப்பு. அதைச் சுற்றி மெலிசாகச் சிவப்பு.

டாக்டரம்மாவுக்கு அனுப்பக் கார்டைக் கழற்றப் போனேன். கை வரவில்லை. நேரே இவரிடம் போய்த் திரையை முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"தெரியல, தள்ளிப் புடி" என்றார். தள்ளிப் பிடித்தேன். "இன்னும் தெரியல." அவருக்கும் கிட்டப் பார்வை போய்விட்டது, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார். என் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினேன். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் கேமராவை வாங்கிக்கொண்டார். வேறு நேரமாக இருந்தால் என் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

பார்த்தார். திரையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சாம்பிள் நூலோடு நிறம் ஒத்துப் பார்க்கும்போது எப்படி நிற்பாரோ அப்படியே நின்று பார்த்தார். கம்பு கையில் நின்றுபோயிருந்தது.

"இது நம்ம சாயம் இல்ல" என்றார்.

குனிந்து அடுப்பை அணைத்தார். கம்பை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நூல் முழுக்க உள்ளே கிடந்தது. யாரோ கல்யாணத்துக்காகக் கொடுத்த நூல்.

"நூலு உள்ள இருக்குதுங்க. திட்டு விழுந்துடும்" என்றேன். இத்தனை நாள் வா வா என்று கத்தினவள் நான்தான், அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்.

"விழட்டும். வண்டிக்குச் சொல்லு."

அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. பயந்துவிட்டார். அவர் பயந்ததைப் பார்த்ததும் வண்டிக்காரர் நம்பரை இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். அவர் பிடிவாதம் பிடித்த அத்தனை நாளும் நான் தைரியமாகத்தான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டக் கேமராவை நீட்டினேன். "நேர்லயே கால் இருக்குதே, படம் எதுக்கும்மா?" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கை இழுத்துக் காலைப் பார்த்தார். எத்தனை கடை, எத்தனை பொய், எத்தனை அலைச்சல். அதை ஒரு பார்வை பார்க்கக்கூட இல்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, சுண்டுவிரலை எடுத்துவிட வேண்டும் என்றார். பாதத்துக்கு இன்னும் பரவவில்லை, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் உறுதி சொல்ல முடியாது என்றார். கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாரா வாரம் படம் அனுப்பச் சொன்னார்கள், தையல் போட்ட இடம் எப்படி ஆறுகிறது என்று பார்க்க. முதல் படம் எடுக்க வேண்டிய நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் கெஞ்சி, மிரட்டிக் காலை வாங்க வேண்டும். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் தானாகவே காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். விலக்கிப் பிடிக்க அங்கே விரல் இல்லை, அதனால் இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. ஜூமை நீட்டினேன். மங்கலாக இருந்தது. கொஞ்சம் பின்னால் போனேன். மங்கல். முன்னால் வந்தேன். அப்போதும் மங்கல். நசுங்கின கேமராவை என் தலையில் கட்டிவிட்டாளே என்று அந்தக் கடைக்காரம்மாவை மனதுக்குள் திட்டினேன்.

"என்னாம்மா, விழலியா?" என்றார், திரும்பாமலே.

"இந்தச் சனியன் புடிக்கவே மாட்டேங்குது" என்றேன்.

அவர் திரும்பிக் கேமராவைப் பார்த்தார். சரியாகப் பிடித்துவிட்டால் திரையின் நடுவில் பச்சையாக ஒரு கட்டம் வரும். என் பக்கமாகச் சாய்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"பச்ச வந்துக்கினுதாம்மா இருக்குது" என்றார். "கண்ணத் தொடச்சிக்கினு எடு."